மரியாதைக் கடவை

எங்கள் ஊரான ரௌடாவாவின் கடைத்தெருவில், மருந்துக் கடைக்கு நேர் எதிரே, முன்பு வெள்ளைக்கோடு போட்ட கடவை ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கம்பங்கள், அவற்றின் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை விளக்குகள். கோட்டில் ஒருவர் கால் வைத்துவிட்டால் வருகிற வண்டி நின்றாக வேண்டும். அது சட்டம். செம்மறியாடுகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு வரும் லாரிகூடப் பெருமூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்.

அந்தக் கோட்டை எடுத்துவிட வேண்டும் என்று வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் கிரேம் டல்லி. மருந்துக் கடை அவருடையது. கவுன்சிலிலும் உறுப்பினர். கடவை இருந்தால் அதன் இருபுறமும் கார் நிறுத்தக் கூடாது என்பது விதி. தன் கடை வாசலில் நிற்க வேண்டிய கார்களை நாலு கோடு விரட்டியடிக்கிறது என்பது அவருடைய வாதம். மற்ற கடைக்காரர்களும் அதற்குத் தலையாட்டினார்கள்.

கோட்டைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லித்தான் நைரி பார்லோ கவுன்சிலுக்கு வந்தாள். பள்ளிக்கூடங்களில் பல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவள் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவர்கள்தான். அவளுடைய தேர்தல் பலகையை முதலில் தன் வேலியில் கட்டிக்கொண்டவள் மெரியானா. இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். மெரியானா ஆப்பிள் பேக்கிங் ஷெட்டில் நாள் முழுக்க நின்றபடி பழம் தரம்பிரிக்கிறவள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

"ஊர்ப் பல்லைப் பிடுங்கினது பத்தாதுன்னு இப்ப கவுன்சில் பல்லைப் பிடுங்கக் கிளம்பிட்டா" என்று பலகையில் சிரித்துக்கொண்டிருந்த நைரியைக் காட்டிப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஓட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

நைரி ஜெயித்த அடுத்த வருஷம் கடைத்தெருவைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. சாம்பல் நிறக் கல் தளம், பூத்தொட்டிகள், மர பெஞ்சுகள். வரைபடத்தில் வெள்ளைக்கோடு மட்டும் இல்லை. நைரி ஒவ்வொரு உறுப்பினராகப் போய்ப் பேசிப் பார்த்தாள். எல்லாரும் டீ கொடுத்தார்கள். யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. தோற்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துபோன நேரத்தில், கவுன்சிலின் சாலை இன்ஜினியர் பீத்தர் ஒரு நடுவழி சொன்னார்.

அதற்குப் பெயர் மரியாதைக் கடவை. சாலையைக் கொஞ்சம் மேடாக்கிச் செங்கல் பதிப்பார்கள். கோடு கிடையாது, கம்பம் கிடையாது, கார் நிறுத்தத் தடையும் கிடையாது. நடக்கிறவர் ஓரத்தில் நிற்பார். மேட்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநருக்கு மனமிருந்தால் நிறுத்தி வழிவிடுவார். வேறு ஊர்களில் நன்றாகவே நடக்கிறது என்றார் பீத்தர்.

ஒன்றுமே இல்லாமல் போவதற்கு இது மேல் என்று நைரிக்குப் பட்டது. தீர்மானத்தை அவளே முன்மொழிந்தாள். எல்லாக் கையும் உயர்ந்தது. கிரேம் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார்.

மறுநாள் மீன் வறுவல் கடை வாசலில், பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துக்கொண்டு, மெரியானா விசாரித்தாள்.

"அப்போ வண்டி நிக்குமா, நிக்காதா?"

"நிப்பாங்கடி. மேடா இருக்குமில்ல? வேகத்தைக் குறைச்சுத்தான் ஆகணும். குறைச்சவன் நிறுத்திடுவான்."

"நிறுத்தணும்னு சட்டம் இருக்கா?"

"சட்டம்னு இல்ல. மரியாதைக்கு நிறுத்துவாங்க."

"யாரோட மரியாதைக்கு? உன்னோடதுக்கா, என்னோடதுக்கா?"

நைரி உருளைக்கிழங்கு வறுவலைக் கிளறினாள். "இதையும் விட்டிருந்தா அங்க ஒண்ணுமே இருந்திருக்காது. ஏதோ ஒண்ணாவது மிஞ்சிச்சே."

"எங்க தாத்தாங்ககிட்டயும் வெள்ளைக்காரங்க இதைத்தான் சொன்னாங்க. முக்காவாசி நெலத்தை எடுத்துக்கிட்டு, மிஞ்சினதுக்கு நன்றி சொல்லுன்னாங்க."

"இது வேற, மெரி."

"வேறதான். அவங்க என் சிநேகிதிங்க இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நைரியும் சிரித்தாள். மீன் ஆறிவிட்டிருந்தது.

செங்கல் பதித்து முடித்ததும் மேயர் ரிப்பன் வெட்டினார். ரொட்டியில் சாசேஜ் மடித்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். செங்கல் அழகாகத்தான் இருந்தது. போட்டோவுக்கு நைரியை நடுவில் நிறுத்தினார்கள்.

பிறகு நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். முன்பு வெள்ளைக்கோட்டில் எல்லாருக்கும் வண்டி நின்றது. இப்போது யாருக்கு வண்டி நிற்கிறது என்பதைப் பார்த்தாலே, ஊரில் யாருக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிட்டது. டாக்டரின் மனைவி ஓரத்தில் வந்து நின்றதுமே இரண்டு பக்கமும் வண்டி நிற்கும். கிரேமுக்கு நிற்கும். வெளியூர்ப் பயணிகள் யாருக்கு வேண்டுமானாலும் நிறுத்துவார்கள், பாவம், அவர்களுக்கு எங்களைத் தெரியாது. ஆற்றங்கரைத் தெருப் பையன்கள் சட்டையோடு சேர்ந்த தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றால் நிற்காது. ஷெட்டிலிருந்து ரப்பர் பூட்ஸோடு வரும் பெண்களுக்கும் அநேகமாக நிற்காது.

மெரியானா ஒரு தடவை மளிகைப் பையோடு அங்கே நின்று பார்த்தாள். வண்டிகள் மேட்டில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. ஓட்டியவர்களில் மூன்று பேர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டே போனார்கள். அதற்குப் பிறகு அவள் பாலத்தடி சிக்னல் வரை நடந்துபோய்க் கடந்து திரும்பி வருவாள். "பிச்சை கேக்கற மாதிரி ஓரத்துல நிக்க என்னால ஆகாது" என்பாள். நைரி கேட்டால், "அந்தச் செங்கல்லுல செருப்பு வழுக்குது" என்பாள்.

இலையுதிர் காலம், ஆப்பிள் சீசன் முடியப்போகும் தறுவாய். ஷிப்ட் முடிந்து மெரியானா பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டு நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். சூரியன் மலை விளிம்புக்கு இறங்கித் தெரு நெடுகச் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. நைரி காரில் வந்தாள். சிநேகிதியைப் பார்த்ததும் செங்கல் மேட்டின் முன்னால் வண்டியை நிறுத்திக் கையைக் காட்டினாள், போ என்று. மெரியானா வேண்டாம் என்று தலையாட்டினாள். நைரி கண்ணாடியை இறக்கினாள்.

"வாடி. கவுன்சிலே உனக்காக நிக்குது."

"கவுன்சில் நின்னா ஏதோ வில்லங்கம்னு அர்த்தம்."

"பின்னால வண்டி சேருது, சீக்கிரம் வா."

மெரியானா இறங்கினாள். நைரியின் காருக்கு முன்னால் வந்ததும் நின்றாள். ஷெட்டில் கட்டியிருந்த ஏப்ரனின் இரண்டு முனையையும் விரல்நுனியால் பிடித்துத் தூக்கி, ஒரு காலைப் பின்னால் இழுத்து, மகாராணி முன்னால் மடங்குவது போல முழங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்தினாள். ரொட்டி அக்குளில் இருந்தது. நைரி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். மெரியானா குனிந்தபடியே, முகத்தை நைரி பக்கம் வைத்துக்கொண்டே, பின்பக்கமாக, எதிர்த் தடத்துக்குள் இன்னும் ஒரு அடி வைத்தாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பிக்கப் வண்டி அவளை அடித்தது.

ஓட்டி வந்தவன் கேடன். வேலி போடும் ஆட்களோடு வேலை பார்க்கிற பையன். வேகமாகவும் வரவில்லை. வெயில் கண்ணில் அடித்தது, காருக்கு முன்னாலிருந்து ஆள் பின்பக்கமாக வருவாள் என்று அவன் நினைக்கவில்லை. இறங்கி ஓடி வந்து, "ஆன்ட்டி, ஆன்ட்டி, நான் பாக்கல ஆன்ட்டி" என்று செங்கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். மெரியானாவுக்கு இடுப்பும் தொடையெலும்பும் உடைந்திருந்தன. ஹெலிகாப்டர் வந்துதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

ஆஸ்பத்திரி நடைவழியில், உள்ளே அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது, போலீஸ்காரர் நைரியிடம் வாக்குமூலம் வாங்கினார். நல்ல மனுஷன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"அவங்க ரோட்டுல இறங்கினப்ப எந்தப் பக்கம் பார்த்துட்டிருந்தாங்க?"

"என்னை."

"உங்களையா? எதிர்ல வண்டி வருதான்னு பாக்கலையா?"

நைரி பொய் சொல்லிப் பழகாதவள். சின்னப் பிள்ளைகளிடம்கூட வலிக்காது என்று சொன்னதில்லை, கொஞ்சம் வலிக்கும் என்றுதான் சொல்வாள். "குனிஞ்சு வணக்கம் வச்சாங்க. விளையாட்டுக்கு. நான்தான் கையைக் காட்டி வரச் சொன்னேன். தப்பு என் மேலதான், அதை எழுதுங்க."

"கை காட்டறது குத்தமில்லைங்க. நிறுத்தி வழிவிட்டதும் குத்தமில்ல. மரியாதைதானே அது?"

யார் மீதும் வழக்கில்லை என்று பிறகு முடிவு வந்தது. அங்கே வண்டி நிற்க வேண்டிய கட்டாயமில்லை, எனவே கேடன் மேல் தவறில்லை. பார்த்துக் கடக்க வேண்டியது நடப்பவரின் பொறுப்பு, மெரியானா பார்க்கவில்லை. அவள் மேலும் நடவடிக்கை எடுக்கப் போவதில்லை என்றார்கள், ஏதோ சலுகை செய்வது போல.

இனி வெள்ளைக்கோடு திரும்பி வந்துவிடும் என்று நைரி நம்பினாள். நாங்களும் நம்பினோம். ஒரு உயிர் போகிற அளவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் தீர்மானம் கொண்டுவந்தாள். கூட்டத்தன்று பார்வையாளர் இடம் நிரம்பிவிட்டது. நான் சுவரோரம் நின்றேன். மெரியானா இன்னும் ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சியில் இருந்தாள். அவள் மகள் ரிபெக்கா தான் வசிக்கும் பாமர்ஸ்டன் நார்த் நகரத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பீத்தர் அறிக்கை வாசித்தார். வெள்ளைக்கோடு போட வேண்டுமானால் அந்த இடத்தில் இத்தனை பேராவது தினம் கடக்க வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. செங்கல் பதித்த பிறகு அங்கே கடக்கிறவர்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டார்கள். ஆகவே அந்த இடம் கோட்டுக்குத் தகுதி பெறவில்லை.

"பயந்துகிட்டு யாரும் போறதில்ல, அதான் குறைஞ்சுது" என்றாள் நைரி.

"இருக்கலாம், கவுன்சிலர். ஏன் கடக்கலைங்கறதை நாங்க கணக்கெடுக்கறதில்ல. கடந்தவங்களைத்தான் எண்ணறோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேயர் மேசையைத் தட்டினார்.

அடுத்து கிரேம் பேசினார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். மாத்திரை எத்தனை வேளை என்று சொல்கிற அதே குரல்.

"மெரியானா என் கடைக்கு வர்றவங்க. பல வருஷமா அவங்க மருந்து வாங்கறதே என் கடையிலதான். எனக்கு வருத்தமில்லைன்னு யாரும் சொல்ல வேண்டாம். ஆனா செங்கல் மேல பழி போடறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். கவுன்சிலர் பார்லோ, நீங்கதான் நேர்ல பார்த்தவங்க. வண்டி வந்தப்ப அவங்க என்ன செஞ்சுட்டிருந்தாங்க?"

ரிபெக்கா திரும்பி நைரியைப் பார்த்தாள்.

"குனிஞ்சு வணக்கம் வச்சாங்க."

"எந்தப் பக்கம் பார்த்து?"

"என் பக்கம்."

"நடு ரோட்டுல விளையாடிக்கிட்டிருந்தாங்க. நான் குறை சொல்லல, நாம எல்லாரும் விளையாடறவங்கதான். ஆனா வெள்ளைக்கோடு இருந்திருந்தா மட்டும் நிமிர்ந்து பார்த்திருப்பாங்களா?"

"கோடு இருந்திருந்தா வணக்கமே வச்சிருக்க மாட்டா" என்றாள் நைரி. "தன்னோட வழியில போறவ எதுக்கு அடுத்தவளுக்கு வணக்கம் வைக்கணும்? நான் ஏதோ பெரிய மனசு பண்ணி விட்ட மாதிரி ஆயிடுச்சு. அதைத்தான் அவ கிண்டல் பண்ணினா."

நல்ல பேச்சு என்று நாங்கள் நினைத்தோம். மேயர், "நன்றி, கவுன்சிலர்" என்றார். வாக்கெடுத்தார்கள். நைரியின் கையும், ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வந்த ஒரு விவசாயியின் கையும்தான் உயர்ந்தன.

ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பீத்தர் ஒரு மாற்று யோசனை வைத்திருந்தார். இரண்டு பக்கமும் ஒரு அறிவிப்புப் பலகை: "இங்கே வண்டிகள் நிற்க வேண்டியதில்லை. நடப்பவர்கள் வண்டிக்கு வழிவிடவும்." தெளிவு இருந்தால் குழப்பம் இராது என்றார். கிரேம் முன்மொழிந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் மேயர்.

நைரி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சில நொடியில் அவள் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும். பலகைகூட இல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி அடிபடுவாள். ஒன்றுமே இல்லாமல் போவதற்கு இது மேல். அவள் கையும் மெல்ல உயர்ந்தது.

ஒருமனதாக நிறைவேறியது. ரிபெக்கா எழுந்து வெளியே போனாள். கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

மெரியானா ஊர் திரும்பியபோது ஊன்றுகோலோடு திரும்பினாள். வீட்டு வாசலில் ஏழெட்டுப் படி. ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடையாது. மகள் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. சாமான் ஏற்றுகிற நாளில் நைரி ரப்பர் கையுறையும் வாளியுமாகப் போய் நின்றாள். வாசலில் ரிபெக்கா.

"அம்மா தூங்கறாங்க."

"தூங்கல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவளை உள்ள விடு. அடுப்பு கழுவ ஆள் வேணும்."

நைரி உள்ளே போய் மண்டியிட்டு ஓவன் அடுப்புக்குள் தலையை விட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். மெரியானா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே கேடன் மெத்தையைத் தூக்கித் தன் பிக்கப்பில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவன் வாராவாரம் கறி வைத்துச் சுட்ட பேக்கரிப் பண்டம் ஒன்றோடு போய் அவள் கட்டிலருகே பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருவானாம்.

"டேய், பாத்து ஏத்து" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் மெரியானா. "உன் வண்டி ஏற்கெனவே என்னை உடைச்சது போதும்."

"ஆன்ட்டி" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்கவா அழவா என்று தெரியாத முகம்.

அவனிடம் பேசிய குரல் வேறு. நைரியிடம் பேசியது வேறு குரலாக இருந்தது.

"போலீஸ்ல நீ பொய் சொல்லிருக்கணும்னு நான் சொல்லல. ஞாபகமில்லைன்னு சொல்லிருக்கலாம். எனக்கே ஞாபகமில்ல. ரொட்டி வாங்கினது தெரியும், அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான் தெரியும். நான் மண்டி போட்டேன், இளிச்சேன்னு எனக்கே போலீஸ்காரங்க சொல்லித்தான் தெரியும். உன் வாயால தெரிஞ்சுது."

"மெரி, அவர் கேட்டாரு. நான் தப்பு என்னோடதுன்னுதான் சொன்னேன்."

"அதை எழுதலையே. எது வேணுமோ அதை எழுதிக்கிட்டாங்க. நீ எடுத்துக் குடுத்த, அவங்க எடுத்துக்கிட்டாங்க."

நைரி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பலகைக்கும் கை தூக்கினியாமே."

"அதுவும் இல்லேன்னா அடுத்த ஆளு..."

"தெரியும், தெரியும். ஏதோ ஒண்ணாவது மிஞ்சணும்." மெரியானா ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி இடுப்பைச் சற்றே நகர்த்தி உட்கார்ந்தாள், வலியில் கண்ணை மூடித் திறந்தாள். "நீ நல்லவதான்டி. கிரேமுக்கும் நல்லவ, அந்த இன்ஜினியருக்கும் நல்லவ, எனக்கும் நல்லவ. ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் நறுக்கிக் குடுத்த. எனக்கு வந்த துண்டு இது." தொடையைத் தட்டிக் காட்டினாள்.

நைரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத. மூலையில கரி இருக்கு பாரு. அதையும் தேய். வீட்டுச் சொந்தக்காரன் வந்து பாத்துக் குறை சொல்லுவான்."

நைரி தேய்த்தாள். தட்டுகளைக் கழற்றிக் கழுவி, துடைத்து, மறுபடி மாட்டினாள். அவள் எழுந்து நின்றபோது நாற்காலி காலியாக இருந்தது. கேடனும் ரிபெக்காவும் மெரியானாவை இருபக்கமும் தாங்கிப் படியில் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒத்தாசைக்கு அங்கே இன்னொரு கைக்கு இடம் இல்லை. காரின் கதவு சாத்தியதும் ரிபெக்கா திரும்பி வந்து, வீட்டுச் சாவியை நைரியிடம் கொடுத்து, "பூட்டிட்டு லெட்டர் பெட்டியில போட்டுடுங்க" என்றாள். நன்றி என்றும் சொன்னாள், அந்நியர்களிடம் சொல்வது போல.

கிறிஸ்துமஸுக்கு நைரி அனுப்பிய வாழ்த்து அட்டைக்குப் பதில் வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அனுப்பினாள்.

அந்த வருஷத் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றுதான் நைரி எங்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மனு கொடுக்கக் கடைசி நாளன்று கிரேம் அவள் வீட்டுக்கே போனார். உங்களை மாதிரி நியாயமாகப் பேசுகிற ஒருவர் கவுன்சிலுக்கு அவசியம் என்றார். அவரே முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார்; கீழே அவளும் போட்டாள். அவளை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.